முடிவை வெளியே சொல்லாதீர்கள்

படம் விட்டு வெளியே வருகிற கூட்டத்தின் முகத்தைப் பார்த்தாலே அது ஓடுமா, பெட்டிக்குள் போகுமா என்று சொல்லிவிடலாம் என்பார்கள். அன்றைக்கு அவிநாசி ரோட்டில் அந்தத் தியேட்டர் வாசலில் நின்று பார்த்திருந்தீர்களானால் உங்களால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே ஒருவர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். கல்லூரிப் பையன் ஒருவன் கோபமாக வந்தான். அவனோடு வந்த பெண் சிரித்துக்கொண்டு வந்தாள். ஒரே சட்டியில் வெந்த சோறு ஒருத்தருக்கு உப்பாகவும் இன்னொருத்தருக்கு இனிப்பாகவும் இருக்குமா? இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் சங்கதி.

கோகிலவாணி கவனித்தாள். கவனிப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. பீளமேட்டில், வேலைக்குப் போகிற பெண்கள் தங்கும் விடுதியில் அவள் வார்டன். “அத்தை வீட்டுக்குப் போயிட்டு வர்றேனுங்க்கா” என்று ஒரு பெண் சொன்னால், அவள் போட்டிருக்கிற செருப்பைப் பார்த்தே அது அத்தை வீடா, இல்லையா என்று கண்டுபிடித்துவிடுவாள். குடியிருப்பும் விடுதிக்குள்ளேயேதான். டிவி பார்க்கும்போதுகூடச் சத்தத்தைக் குறைத்துத்தான் வைப்பாள். கேட் திறக்கிற ஓசை காதில் விழ வேண்டுமே.

அவள் புருஷன் தனசேகர் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, நின்று நின்று மூச்சு வாங்கி, அவளுக்குப் பின்னால் படியிறங்கி வந்தார். பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டுகிறவர். ஆயுசெல்லாம் பட்டறை இரைச்சலில் இருந்து காது கொஞ்சம் மந்தம். ஆனால் இப்போது கெட்டிருந்தது காது இல்லை, நெஞ்சு. இருதயத்தில் ஒரு வால்வு தேய்ந்துபோயிருந்தது. அவர் உடம்பிலிருந்தே துளி சதை எடுத்து, ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு வால்வு வளர்த்து வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் மாற்றுவதாக ஏற்பாடு. வளர்த்த வால்வு கறந்த பால் மாதிரி. நாள் கடத்தினால் கெட்டுவிடும்.

அதற்கு ஒரு சட்டம் இருந்தது. கத்தி வைப்பதற்கு முன்னால் நோயாளி தன் வாயால் ‘சம்மதம்’ என்று சொல்ல வேண்டும். பெண்சாதியும் சொல்ல வேண்டும். இருவரில் ஒருவர் ‘யோசிக்கிறேன்’ என்று இழுத்தால் போதும். செலவை ஏற்றுக்கொண்டிருக்கிற காப்பீட்டுக் கம்பெனி அவர் பேரை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடும். கடைசிக்குப் போனவர்கள் மறுபடி முன்னுக்கு வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் கம்பெனிதான் சினிமாவுக்கு இரண்டு டிக்கெட் அனுப்பியிருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் மனதை லேசாக்கிக்கொள்ளுங்கள் என்று அன்பாகச் சொல்லி, பேர் போட்ட இரண்டு நாற்காலி.

“சும்மா குடுக்கறான்னா எதுக்குங்க குடுக்கறான்?” என்று கோகிலவாணி அப்போதே கேட்டாள்.

“எல்லாத்துலயும் உனக்கு ஒரு சந்தேகம். சாமி பிரசாதம் குடுத்தாக்கூட மோந்து பாத்துட்டுத்தான் வாயில போடுவ.”

“மோந்து பாக்காம கழுத்த நீட்டுனது ஒருக்காத்தானுங்க. அதோட புத்தி வந்துருச்சு.”

தனசேகர் சிரித்தார். சிரித்தால் அவருக்கு மூச்சு இரைக்கும். இரைத்தாலும் சிரிப்பார். அவள் சண்டைக்குக் குறைச்சல் வைத்ததே இல்லை, அவர் சிரிப்புக்குக் குறைச்சல் வைத்ததே இல்லை. இருவரும் இத்தனை வருஷம் அப்படித்தான் ஓட்டினார்கள்.

அந்த நாளில் தியேட்டர் நாற்காலி வெறும் நாற்காலி இல்லை. ஆளுக்கு ஒரு கண்ணாடி, ஆளுக்கு ஒரு காதுக்கருவி. உட்கார்ந்தவரின் நாடியைப் பார்த்து, கண்ணுக்குத் தக்க வெளிச்சமும் காதுக்குத் தக்க சத்தமும் அதுவே வைத்துக்கொடுக்கும். கைப்பிடியில் அவரவர் பேர் நீல வெளிச்சத்தில் எரியும். கோகிலவாணிக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

கோகிலவாணியின் பேர் எரிந்த நாற்காலிக்கு அடுத்ததில் ஓர் ஆண்பிள்ளை உட்கார்ந்திருந்தார். தனசேகர் பார்த்தார். “நீ இக்கட்ட வந்துரு” என்று அவளைத் தன் நாற்காலிக்கு அனுப்பிவிட்டு, அவள் இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டார். பஸ்ஸானாலும் பந்தியானாலும் நம் ஆண்கள் செய்கிற காரியம்தானே. அந்தப் பக்கத்து ஆள் தலை நரைத்த கிழவர், மனுஷன் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கிற மும்முரத்தில் இருந்தார், என்பதெல்லாம் கணக்கில் வராது. கல்யாணமான நாளிலிருந்து இதே வழக்கம். அவளும் மறுபேச்சில்லாமல் மாறி உட்கார்ந்தாள். கைப்பிடியில் ‘தனசேகர்’ என்று எரிந்த வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கைப்பையைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

படத்தின் பேர் ‘மூச்சளவு’. துப்பாக்கி இல்லை, சண்டை இல்லை. பூமியை விட்டுத் தூரத்து நட்சத்திரம் ஒன்றுக்குப் போகிற கப்பல். அதில் செடி வளர்த்து எல்லாருக்கும் மூச்சுக்காற்று உண்டாக்கித் தருகிற ஒரு கிழவரும் கிழவியும். பாதி வழியில் கிழவருக்கு உடம்பு கெடுகிறது. குணப்படுத்துகிற பெட்டி ஒன்று கப்பலில் உண்டு. அதற்குள் படுத்தால் பிழைத்துவிடுவார். ஆனால் அந்தப் பெட்டி காற்றை மடக் மடக்கென்று குடிக்கும். கப்பலில் உள்ளவர்களெல்லாம் கொஞ்ச காலம் மூச்சைக் குறைத்து விட வேண்டியிருக்கும். போவதா, வேண்டாமா? அங்கே இடைவேளை.

அதுவரைக்கும் கோகிலவாணிக்குப் படம் ரொம்பப் பிடித்திருந்தது. கிழவி கிழவருக்கு நகம் வெட்டிவிடுகிற காட்சி ஒன்று. பேச்சே கிடையாது. எடை இல்லாத இடமாகையால் வெட்டின நகம் கீழே விழாமல் மிதந்து போகிறது. இருவரும் அதைப் பிடிக்கச் சிறுபிள்ளைகள் மாதிரி நீந்திப் போகிறார்கள். இப்படி ஒரு காட்சியை யோசித்தவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று நினைத்தாள்.

இடைவேளைக்கு அப்புறம்தான் உறுத்தியது. கிழவர் பெட்டிக்குள் போகவில்லை. கிழவியிடம் சொல்லவும் இல்லை. ‘நான் யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது’ என்று ஒரு செடியிடம் சொல்கிறார். எல்லாச் செடிக்கும் தண்ணீர் விடுகிறார். முல்லைக்கொடிக்கு அடியில் படுத்துக் கண்ணை மூடுகிறார். பூ ஒவ்வொன்றாக மிதந்து வந்து அவர்மேல் படிகிறது. எங்கிருந்தோ புல்லாங்குழல். கோகிலவாணி அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே, இதை எதற்கு இத்தனை ஜோடித்துக் காட்டுகிறான் என்றும் நினைத்தாள். பிணத்துக்குப் பூப் போட்டுப் பார்த்திருக்கிறாள். சாவுக்கே பூச்சூட்டிப் பொட்டு வைத்து, மணப்பெண் மாதிரி கூட்டிவந்து நிறுத்தியதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

கடைசியில் ஓர் அழகான பெண் தோன்றிக் கைகூப்பினாள். ‘முடிவை வெளியே சொல்லிவிடாதீர்கள். அடுத்தவர் இன்பத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.’ நம்மூர் சனம் ஓட்டுக் கேட்டு வந்தவனுக்குக் கொடுத்த வாக்கைக்கூட மாற்றிவிடும். சினிமாக்காரனுக்குக் கொடுத்த வாக்கை மட்டும் காப்பாற்றும்.

தியேட்டருக்கு எதிரே இருந்த ஓட்டலில் இருவரும் இட்லிக்குச் சொன்னார்கள்.

“படம் எப்பிடீங்க?”

“இருந்துச்சு. உனக்கு?”

“பாதி நல்லா இருந்துச்சுங்க. பாதி மனசுக்கு ஆகல. நல்லா இல்லாம ஆகலைன்னு சொல்லல. அத்தன நல்லா இருந்ததுதான் ஆகல.”

வேறு நாளாயிருந்தால் இந்தப் பேச்சுக்கே தனசேகர் குத்தலாக ஒரு வார்த்தை விட்டிருப்பார். இன்றைக்கு இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிட்டார். பிட்டதை வாயில் வைக்கவில்லை. சட்னி ஓரத்தில் வரிசையாக அடுக்கினார்.

“கோகிலா, திங்கக்கெழமை போவோணுமான்னு பாக்கறேன்.”

அவள் கையில் எடுத்த இட்லியைத் தட்டிலேயே போட்டாள்.

“ஏனுங்க, என்ன பேச்சு இது? காத்தால வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குப் புதுச் சட்டை எடுக்கோணும்னீங்க.”

“அறுத்துத் தெச்சு அனுப்பிருவாங்க. அப்பறம் மாசக்கணக்கா நீதான தூக்கி உக்கார வைக்கோணும். உன்ற வேலை போயிரும். வேலை போனா வீடும் போயிரும். யோசிச்சுப் பாத்தா, நான் இல்லாட்டியும் நீ நல்லாத்தான் இருப்ப.”

“அந்தப் படத்துக் கெழவனாட்டம் பேசாதீங்க. முல்லைக்கொடிக்கு அடியில போயிப் படுத்துக்கிட்டா உட்டுருவனா நானு?”

“எந்த முல்லைக்கொடி?”

கோகிலவாணி அவர் முகத்தைப் பார்த்தாள். சினிமாவில் தூங்குவதில் அவர் பேர் வாங்கினவர். கல்யாணமான புதிதில் கூட்டிப்போன முதல் படத்திலேயே பக்கத்துச் சீட்டுக்காரர் தோளில் சாய்ந்து குறட்டை விட்டவர்.

“தூங்கிட்டீங்களா?”

“சத்தியமா இல்ல. ஒரு வார்த்தை உடாமக் கேட்டேன். கணீர்னு கேட்டுச்சு.”

“அப்ப சொல்லுங்க பாக்கலாம். கெழவன் எப்பிடிச் செத்தான்?”

“கெழவனக் காட்டவே இல்லையே,” என்றார் தனசேகர். “விடிஞ்சு கெழவி எந்திரிக்கறா. பக்கத்துல படுக்கை காலியாக் கெடக்குது. பெட்டி ரூமுச் சாவி அவ கையிலதான் இருக்குது. தேடிப் போயி, மனுசனத் தரதரன்னு இழுத்துட்டு வந்து உள்ள தள்ளியிருக்கலாம். ஆனா சாவியப் பாத்துட்டே நிக்கறா. பொறவு அத ஆணியில மாட்டிட்டு, போயிக் காபி போட்டுக் குடிக்கறா.”

“காபியா?”

“காபிதான். அப்பறம் புது ஊரு. நல்ல வெயிலு. குளந்தைக ஓடுதுக. கெழவி தலை நெறையப் பூ வச்சுக்கிட்டு சிரிக்கறா.” அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அந்தச் சிரிப்பு உன்ற சிரிப்பாட்டமே இருந்துச்சு அம்மிணி.”

கோகிலவாணி தட்டை ஒதுக்கி வைத்தாள். இவர் தூங்கிக் கனவு கண்டதைச் சொல்கிறாரா? இல்லை, நம்மைச் சோதிக்கிறாரா? விடுதிப் பெண்களின் பொய்யை எத்தனையோ தரம் பிடித்தவளுக்கு, எதிரில் இருப்பவர் தன் பொய்யைப் பிடித்துவிட்டாரோ என்ற பயம் அன்றைக்குத்தான் வந்தது. ஏனென்றால் அவளிடமும் ஒன்று இருந்தது. ஒரு நாள் விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து அவள் தன் போனிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

அந்நேரம் பார்த்து ஒருவர் டம்ளரோடு வந்து நின்றார். நரைத்த தலை. சட்டையில் முறுக்குத் தூள்.

“ஏனுங்க, பக்கத்துச் சீட்டுக்காரருதானுங்களே? உக்காரலாமுங்களா? எங்கயும் எடமில்ல.” உட்கார்ந்தார். பேர் நஞ்சப்பன், பஸ் டெப்போவில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று கேட்காமலே சொன்னார். “படம் எப்பிடீங்க? எனக்கு அழுகாச்சின்னா ஆகாதுங்க. கெழவன் பொழச்சு எந்திரிச்சு ஒரு ஆட்டம் போட்டானே, கப்பலே குலுங்கிப்போச்சு. டிக்கெட்டு எடுத்ததுக்கு அது ஒண்ணு போதும்.” சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். “அட, முடிவச் சொல்லக் கூடாதுன்னாங்க. சரி, நீங்கதான் பாத்துட்டீங்களே.”

தனசேகரும் கோகிலவாணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உங்க படத்துல கெழவி என்னங்க குடிச்சா?” என்று கேட்டாள் கோகிலவாணி.

“டீங்க.”

“இவருக்குக் காபியாமா.”

“வெளம்பரமுங்க அது,” என்றார் நஞ்சப்பன், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. “நான் டீ குடிக்கறவன்னு சேருக்குத் தெரியுமுங்க. என்ற மகளுக்குக் காபி காட்டும். பேரனுக்கு அந்தக் கலர்த் தண்ணி. டம்ளர் மட்டும் ஆளுக்குத் தக்க மாறும். எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதானுங்களே.”

“டம்ளர மாத்தறவன் அதக் குடிக்கற ஆள மாத்த மாட்டானுங்களா?”

“அதெப்படீங்க? கதைய மாத்துனா ஊருக்கே தெரிஞ்சிராது?”

“யாரு சொல்றதுங்க? அதான் கையெடுத்துக் கும்புட்டுக் கேட்டுக்கிட்டாங்களே, முடிவ வெளிய சொல்லாதீங்கன்னு.”

நஞ்சப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். மனுஷன் முகத்தில் இருந்த ஆட்டமும் பாட்டும் வடிந்துபோயிற்று.

“எனக்குச் சந்தோசமா இருந்துச்சுங்க,” என்றார். “வீட்டுல அவ போனதுல இருந்து இன்னைக்குத்தான் வாய் உட்டுச் சிரிச்சேன். அத ஏனுங்க கெடுக்கறீங்க?” எழுந்து, மீதி டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

அவர் போன திசையைப் பார்த்தபடி கோகிலவாணி மெதுவாகச் சொன்னாள்.

“நாம எடம் மாறி உக்காந்தமுல்லங்க.”

“ஆமா.”

“நான் உக்காந்தது உங்க பேரு போட்ட சேரு. சத்தம்கூட எனக்குக் கம்மியாத்தான் வந்துச்சு. நெஞ்சு சரியில்லாதவருன்னு கொறச்சு வச்சிருப்பான். அப்ப நான் பாத்தது உங்களுக்குன்னு வச்ச படம். நீங்க பாத்தது எனக்குன்னு வச்சது.”

அவள் விரலால் மேஜைமேல் இருந்த தண்ணீரை இழுத்து இரண்டு கோடு போட்டாள்.

“ஆபரேசன் வேண்டாமுன்னு உங்களச் சொல்ல வைக்க ஒண்ணு. சரி, உட்டுருவோமுன்னு என்னையச் சொல்ல வைக்க ஒண்ணு. ரெண்டுல ஒண்ணு பலிச்சாப் போதும். நாம மென்னு முழுங்கிட்டு நிப்போம். வால்வு கெட்டுப்போவும். கம்பெனிக்காரன் வந்து, ஐயோ பாவம்னு ஒரு மாலையப் போட்டுட்டுப் போயிருவான்.”

“உன்ற புத்திக்கு இப்பிடித்தான் தோணும்,” என்றார் தனசேகர். ஆனால் குரலில் வழக்கமான கேலி இல்லை. கொஞ்சம் பொறுத்து, “உன்ற படத்துல அந்தக் கெழவன் படுக்கறதுக்கு முன்னால ஏதாச்சும் சொன்னானா?” என்று கேட்டார்.

“ஒரு செடிகிட்டப் பேசுனானுங்க. ‘யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது’ன்னான்.”

அவர் முகம் மாறியது.

“அது நான் சொன்னது கோகிலா. பட்டறையில. ஆளுக யாருமில்ல. பிரிச்சுப் போட்ட மோட்டாருகிட்டச் சொன்னேன். மேசை மேல போனு கெடந்துச்சு.”

பக்கத்து மேஜையில் யாரோ தோசை கேட்டுச் சத்தம் போட்டார்கள். கோகிலவாணி தன் கைப்பையைத் திறந்து, போனை எடுத்து, கைக்குட்டைக்குள் வைத்துச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே சொன்னாள்.

“நானும் கேட்டனுங்க. மாடிப்படியில உக்காந்து. ஆபரேசன் பண்ணுனா எத்தன மாசம் பாத்துக்கோணும்னு. அது பதிலு சொல்லுச்சு. நான் பெருமூச்சு உட்டேன். அவ்வளவுதான். சாமி சத்தியமா அவ்வளவுதான்.”

“பெருமூச்சையுமா எடுத்துக்கிட்டான்?”

“எடுத்துத்தான் உங்க படத்துச் சாவியப் பண்ணியிருக்கான்.”

இதில் வருத்தம் என்னவென்றால், கேளுங்கள், படம் பொய் சொல்லியிருந்தால் அவர்களுக்கு லேசாகப் போயிருக்கும். திட்டிவிட்டு எழுந்திருப்பார்கள். அது முழுப்பொய் சொல்லவில்லை. அவரிடமிருந்து ஒரு சொல், அவளிடமிருந்து ஒரு மூச்சு. அந்த இரண்டு விதையை எடுத்துக் காடாக வளர்த்து, இந்தா உன் மனசு என்று காட்டியிருந்தது. பெருமூச்சு விடாத பெண்சாதி எந்த ஊரில் இருக்கிறாள்?

“இருந்தாலும் ஒண்ணு,” என்றாள் அவள். “சாவிய ஆணியில மாட்டிட்டுக் காபி குடிக்கறவளா நானு? தரதரன்னு இழுத்துட்டுப் போயித் தள்ளறவ. உங்களுக்குத் தெரியாதா?”

தனசேகர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். உதடு கோணியது. சிரிப்பு வந்துவிட்டது.

“தெரியும். பெட்டிக் கதவு ஒடையும். என்ற இடுப்பும் ஒடையும்.” அடுக்கி வைத்த இட்லித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு பெண்குரல் தனசேகரைக் கூப்பிட்டது. தேன் தடவிய குரல். படம் எப்படி இருந்தது என்று கேட்டது. அவர் போனை மனைவியிடம் நீட்டினார்.

“பாதி நல்லா இருந்துச்சுங்க,” என்றாள் கோகிலவாணி.

“எந்தப் பாதி பிடிக்கலைன்னு தெரிஞ்சுக்கலாமாம்மா?”

“அதச் சொன்னா முடிவச் சொன்னாப்புல ஆயிருமுங்க. சொல்ல மாட்டோம்னு உங்களுக்குத்தான வாக்குக் குடுத்திருக்கறோம்.”

திங்கட்கிழமை காலை. தனசேகர் புதுச் சட்டை போட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் சம்மதம் வாங்குவதற்கென்றே ஓர் அறை. எதிரில் சுவர் நிறையத் திரை. அதற்கு முன்னால் இரண்டு நாற்காலி. கைப்பிடியில் நீல வெளிச்சத்தில் பேர் எரிந்தது: ஒன்றில் ‘தனசேகர்’, ஒன்றில் ‘கோகிலவாணி’. உட்காருங்கள், இப்போது வந்துவிடுகிறேன் என்று நர்ஸ் போனாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திருட்டு மாங்காய் பறிக்கப் போகிற பிள்ளைகள் மாதிரி அவர் அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தார், அவள் அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். வழக்கப்படி கைப்பையைத் தூக்கிக் கைப்பிடிமேல் வைக்கப் போனாள். என்னமோ தோன்றி, வைக்கவில்லை.

‘தனசேகர்’ என்ற எழுத்து ஒருதரம் மினுங்கியது. அணைந்தது. அதே இடத்தில் ‘கோகிலவாணி’ என்று எரிந்தது.

“வணக்கம், கோகிலவாணி,” என்றது நாற்காலி. மெல்லிய குரலில். அவள் வீட்டு டிவியின் அதே அளவுச் சத்தத்தில்.

பக்கத்தில் தனசேகருக்கு அது கணீரென்று வணக்கம் சொன்னது. அவருடைய மந்தக் காதுக்குத் தக்கபடி.

கோகிலவாணி மடியிலிருந்த கைப்பையைப் பார்த்தாள். தியேட்டரிலும் இப்படித்தான் பேர் மாறியிருக்கும். அதைக் கைப்பை மறைத்திருக்கும். சத்தம் குறைந்திருந்தது அவர் நெஞ்சுக்காக இல்லை, இவள் பழக்கத்துக்காக. இடம் மாறியது நாற்காலிக்குத் தெரியும். பக்கத்தில் ஓர் ஆண்பிள்ளையை உட்கார வைத்தால் இவர் இடம் மாறுவார் என்பதுகூட, இவர்களுடைய பஸ் டிக்கெட்டும் ரயில் டிக்கெட்டும் பார்த்த கம்பெனிக்காரனுக்குத் தெரியாமல் இருக்குமா? அப்படியானால் அவள் பார்த்தது அவளுக்கென்றே வைத்த படம். சாகப் போகிற புருஷனின் மனசு இது என்று அவளுக்குக் காட்டினது. அவர் பார்த்தது அவருக்கென்றே வைத்தது. நீ இல்லாவிட்டாலும் உன் பெண்சாதி சிரிப்பாள் என்று. தன் மனசைக் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள்; இல்லையென்று சண்டை பிடிப்பார்கள். கூட இருக்கிறவர் மனசு என்று காட்டினால்? ஓட்டலில் அவர் நம்பித்தானே ‘நீ நல்லாத்தான் இருப்ப’ என்றார்.

இல்லை, இதுவும் தன் சந்தேகப் புத்திதானோ? இனிமேல் அவளால் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

எதிரே திரை வெளுத்தது. ஒரு பச்சைக்கொடி மெல்ல எட்டிப் பார்த்தது.

“எந்திரிங்க,” என்றாள் கோகிலவாணி.

“என்ன புள்ள?”

“எந்திரிங்கன்னா எந்திரிங்க.”

பையிலிருந்த துண்டை எடுத்துத் தரையில் விரித்தாள். திரைக்கு முதுகு காட்டி அவரை உட்கார வைத்தாள். எதிரில் தானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். விரலில் கிளிப் மாட்ட வேண்டும், நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். காலையில் நடந்த அமளியில் மறந்துபோயிருந்தாள். நகவெட்டியை எடுத்து அவர் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

நர்ஸ் உள்ளே வந்து திகைத்து நின்றாள். “ஏனுங்கம்மா, சேர் போட்டிருக்குதே. கீழ ஏன் உக்காந்தீங்க?”

“அது எங்களப் பத்தி அளவுக்கு எச்சாத் தெரிஞ்சு வச்சிருக்குதுங்க கண்ணு. தரைன்னா ஒண்ணும் தெரியாது.”

நர்ஸுக்குப் புரியவில்லை. குனிந்து, குரல் பதிகிற சின்னக் கருவியை நீட்டினாள். “ஐயா, ஆபரேஷனுக்குச் சம்மதமுங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. யோசிக்கறதுக்கு நேரம் வேணும்னாலும்...”

தனசேகர் அவளைப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் திரையில் பூ மிதந்து வர ஆரம்பித்திருந்ததையும் பார்க்கவில்லை. தன் கையைப் பிடித்திருந்தவளின் முகத்தையே பார்த்தார். பார்த்தாலும், அவருக்கும் அந்தச் சாவியும் ஆணியும் ஒரு கணம் கண்ணில் வந்துதான் போயிருக்க வேண்டும்.

“சம்மதம்,” என்றார்.

“உங்களுக்குங்கம்மா?”

“சம்மதம்,” என்றாள் கோகிலவாணி, தலை நிமிராமல். பெருவிரல் நகம் கெட்டியாக இருந்தது. அழுத்தி வெட்டினாள். அது மிதக்கவில்லை. துண்டின்மேல் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தது.